மழை கேட்ட மருமகள்

வாங்க கண்ணு, வாங்க. செருப்பு அங்கயே கெடக்கட்டும், உள்ள வாங்க. புரோக்கர் சொன்னாரு, புருசன் பொண்டாட்டி ரெண்டு பேருதான்னு. அவரு எங்க? ஆபீஸ் முடிஞ்சு வர்றாரா? அப்ப வரட்டும். ரெண்டு பேரும் சேந்தே மேல போயிப் பாருங்க. இப்ப நீங்க ஒருக்கா ஏறி, பொறவு அவரு வந்து ஒருக்கா ஏறி, எதுக்கு வெட்டியா? உக்காருங்க. காத்தாடி போடறேன். காப்பி வேண்டாமா? அடட, ஒரு வாய்க் காப்பி குடிச்சா என்ன கொறைஞ்சா போயிருவீங்க? சரி, பொறவு தர்றேன்.

மேல ஏன் காலியாச்சுன்னு புரோக்கர் என்ன சொன்னாரு? பையனுக்கு மாத்தல்னா? பாத்தீங்களா, அந்தாளு வாயைத் தொறந்தாலே பொய்யி. மாத்தலும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. என்ற பையன் நவநீதன் இந்தக் கோயமுத்தூர்லதான் இருக்கான். இந்தக் கணபதியில பஸ் ஏறினா சரவணம்பட்டி எத்தனை தூரம்? அங்க ஒரு அடுக்குமாடியில ஒம்பதாவது மாடியில போயி, காக்கா குருவியாட்ட உக்காந்துட்டு இருக்கான். இங்க இருக்கறது சொந்த வீடு. மேல அவனுக்குன்னே டைல்ஸ் ஒட்டி, சிமிண்டு ஜாலி வெச்சு, பாத்ரூம்ல சுடுதண்ணிக்கு மெஷினு மாட்டி, எல்லாம் பண்ணிக் குடுத்தேன். தை பொறந்ததும் கட்டிலைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க ரெண்டு பேரும்.

எதுக்குப் போனாங்கன்னு கேளுங்க. நீங்க கேக்க மாட்டீங்க, புதுசா வந்தவங்க, கூச்சமா இருக்கும். நானே சொல்றேன். ஒரு பாட்டு அட்டையினால போனாங்க.

சிரிக்காதீங்க. உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே. போன்ல பாட்டுக் கேக்கறதுக்கு ஒரு ஆப் இருக்குதில்ல, மாசாமாசம் காசு கட்டறது. டிசம்பர் ஆனாப் போதும், அந்தக் கம்பெனிக்காரன் ஆளாளுக்கு ஒரு கலர் அட்டை அனுப்பறான். இந்த வருசம் நீங்க இத்தனை ஆயிரம் நிமிசம் கேட்டீங்க, இந்தப் பாட்டைத்தான் எச்சாக் கேட்டீங்க, இந்தப் பாட்டுக்காரருதான் உங்களுக்குப் பிரியமானவருன்னு. ரோஸ் கலரு, பச்சைக் கலரு, ஊதாக் கலரு. கண்ணு கூசும். அதை வாங்கி என்னமோ கலெக்டர் கையில மெடல் வாங்கினதாட்ட குரூப்புல போடறாங்க. ஏனுங்க, வருசம் பூரா நீங்க என்ன கேட்டீங்கன்னு எவனோ ஒருத்தன் ஒளிஞ்சு நின்னு பாத்துக்கிட்டே இருந்திருக்கான். அதைக் கண்டு பயந்துக்கணுமா, சந்தோசப்படணுமா? இதுக சந்தோசப்படுதுக. ஒளிஞ்சு பாத்தவனுக்கு நன்றி வேற சொல்லுதுக.

எங்க ஒறம்பரைக்குன்னு ஒரு வாட்சப் குரூப் இருக்குது. குடும்பத்துல யாரு செத்தாலும் பொறந்தாலும் அதுலதான். அதுல மொத அட்டையைப் போட்டது அபர்ணா. அபர்ணான்னா என்ற நங்கையா தெய்வாத்தாளோட புள்ளை. நங்கையான்னா எங்க வீட்டுக்காரரோட அக்கா. உங்க பக்கம் நாத்தனார்ம்பீங்க. அந்த அபர்ணா பெங்களூர்ல இருக்கறா. அவ அட்டையைப் பாத்தா அத்தனையும் கொரியாக்காரன் பாட்டு. பயலுக மூஞ்சியெல்லாம் மாவு பூசினதாட்ட. இவளுக்கு கொரியா எந்தத் திக்குல இருக்குதுன்னு தெரியாது. பாட்டுல ஒரு வார்த்தை புரியாது. ஆனா வருசத்துல முக்காவாசி அதைத்தான் கேட்டிருக்கறா. உடனே அவ அம்மா, 'என்ற தங்கம், எப்பப் பாத்தாலும் புதுசு புதுசாத் தெரிஞ்சுக்குவா'ன்னு ஒரு இதயம் போட்டுச்சு. என்னத்தத் தெரிஞ்சுகிட்டா? காதுல விழுந்துச்சு, அவ்வளவுதானே.

பொறவு என்ற கொழுந்தனாரு. அவரு ஒரு அட்டை. பூரா சாமி பாட்டு. முருகன், விநாயகர், மாரியாத்தா, அத்தனை பேரும் இருக்கறாங்க. அந்த மனுசன் சொந்த அம்மாவுக்கு ஒரு கை சோறு போடாம ரெண்டு வருசம் எங்க வீட்லதான் விட்டு வெச்சிருந்தாரு. இப்ப என்னன்னா காலையில அஞ்சு மணிக்குக் கந்தன் பாட்டுக் கேக்கறாராம், அட்டை சொல்லுது. நான் எல்லாத்துக்கும் ஒரு கையெடுத்துக் கும்பிடற பொம்மையைப் போட்டுட்டு கம்முனு இருந்தேன். எனக்கு எதுக்கு வம்பு?

கம்முனு இருந்தவளை நங்கையா சும்மா விடுமா? 'என்ன தனபாக்கியம், உன்ற மருமக அட்டையைக் காணோம்? ஏழு வருசம் பாட்டுக் கத்துக்கிட்டவன்னு கண்ணாலத்தப்ப மைக்கு வெக்காத கொறையாச் சொன்னியே, ஒரு நாளு அவ வாயில பாட்டு வந்து நாங்க கேட்டதில்லையே'ன்னு எழுதுச்சு. எழுதிட்டு ஒரு சிரிக்கற மூஞ்சி வேற.

எனக்கு எப்பிடி இருக்கும், சொல்லுங்க. என்ற மருமக சிந்துஜா நெசமாலுமே பாட்டுக் கத்துக்கிட்டவதான். பொள்ளாச்சியில ஒரு டீச்சரம்மாகிட்ட. பொண்ணு பாக்கப் போனப்ப பாடச் சொன்னோம், பாடினா, நல்லாத்தான் இருந்துச்சு. இங்க வந்து பாடலைங்கறது வேற. நானும் பல நாளு சொல்லியிருக்கறேன், அடுப்படியில நிக்கறப்ப ஒரு பாட்டுப் பாடேன் கண்ணுன்னு. 'நீங்க பேசி முடிங்கத்தை, பொறவு பாடறேன்'னு சொல்லுவா. அவ்வளவு மரியாதை. பேச்சுக்கு நடுவுல பாட மாட்டா.

காதுல எந்நேரமும் அந்த வெள்ளைக் கடலைப்பருப்பு ரெண்டு இருக்கும். முடியை முன்னால விட்டுக்குவா, பாதி நாளு தெரியவே தெரியாது. அவளுக்கு வீட்லருந்தே வேலை. அமெரிக்காக்காரன் ஆஸ்பத்திரிப் பில்லைச் சரிபாக்கற வேலை. மத்தியானத்துக்கு மேலதான் கம்ப்யூட்டரைத் தொறப்பா. காலையில எதுக்கு காதுல இதுன்னு ஒருக்காக் கேட்டேன். 'ஆபீஸ்ல கூப்புடுவாங்கத்தை'ன்னா. சரின்னு விட்டுட்டேன். ஆபீஸ்காரனுக்கு ஒரு காது, எனக்கு ஒரு காது. ரெண்டு காது பின்ன எதுக்கு இருக்குது?

நான் என்ன நெனச்சேன்னா, இவ அட்டையை எடுத்துப் போட்டா எல்லாம் நல்ல சங்கீதமா இருக்கும், கொரியாக்காரி மூஞ்சியில கரியைப் பூசுனதாட்ட ஆயிரும்னு நெனச்சேன். 'உன்ற அட்டையைப் போடு கண்ணு'ன்னேன். 'வேண்டாங்கத்தை'ன்னா. அடுத்த நாளு கேட்டேன். 'அதுல ஒண்ணுமில்லைங்கத்தை'ன்னா. ஒண்ணுமில்லாததுக்கு எதுக்கு மறைக்கணும்? எனக்கு ஒரு சந்தேகம் வந்துருச்சு. பழைய காலேஜ் பையன் எவனாச்சும் பாட்டு கீட்டு அனுப்பி, அதைத்தான் வருசம் பூராக் கேட்டுட்டு இருக்கறாளோன்னு. ஒரு பேச்சுக்குச் சொல்றேன். பொண்ணு நல்ல பொண்ணுதான்.

உடனே நான் குரூப்புலயே வாயால பேசி அனுப்பிட்டேன். எனக்கு எழுதறதுக்கு வராது, பேசறதுதான். 'நங்கையா, எங்க வீட்டுப் புள்ளை அட்டை நாளைக்குக் காலையில வரும், எல்லாரும் கண்ணாடியைப் போட்டுட்டு உக்காந்துக்கங்க'ன்னு. அது ஒரு பத்து நிமிசம் போயிருச்சு, நடுவுல பொள்ளாச்சி டீச்சரம்மா கதையையும் சொல்லி, அந்த டீச்சரம்மாவோட தங்கச்சி யாருக்கு வாக்கப்பட்டான்னும் சொன்னேன். சம்மந்தம் இருக்குதுங்க, சும்மா சொல்லலை. ஒருத்தராச்சும் முழுசாக் கேட்டிருப்பாங்கங்கறீங்க? அபர்ணா அடுத்த நிமிசமே 'சூப்பர் அத்தை'ன்னு போட்டுட்டா. பத்து நிமிசப் பேச்சை ஒரு நிமிசத்துல எப்பிடிக் கேட்டான்னு நீங்களே பாத்துக்கங்க. மரியாதை தெரியாத கழுதை.

மறுநாளு காலையில அடுப்படியில நின்னுட்டு இருந்தோம். 'போட்டியா இல்லையா'ன்னேன். சிந்துஜா கையைத் தொடைச்சுட்டுப் போனை எடுத்தா. என்ற மொகத்தை ஒரு பார்வை பாத்தா. 'அத்தை, நீங்கதான் கேட்டீங்க'ன்னா. போட்டுட்டா.

நான் கண்ணாடியைத் தேடி எடுத்துப் பாத்தேன். மொத எடம், தகரக் கூரை மேல மழை. ரெண்டாவது, இடியோட மழை. மூணாவது, ராத்திரி மழை. நாலாவது, அருவி. அஞ்சாவது என்னங்கறீங்க? காத்தாடிச் சத்தம். இந்தா மேல சுத்துதே, இது சுத்தற சத்தம். பாடறவங்க பேரே கிடையாது. வருசம் பூரா ஒரு மனுசக் குரலை இவ கேக்கவே இல்லை. கீழ கம்பெனிக்காரன் எழுதியிருக்கான், 'நீங்கள் அதிகம் கேட்கும் நேரம் காலை'ன்னு.

குரூப்புல எல்லாரும் பாத்தாங்க. பொறவு ஆரம்பிச்சாங்க பாருங்க. அபர்ணா விழுந்து விழுந்து சிரிக்கற மூஞ்சியா அனுப்பினா, வரிசையா. கொழுந்தனாரு, 'பாவம் அந்தப் பொண்ணு'ன்னாரு. நங்கையா என்ன எழுதுச்சு தெரியுமா? 'எனக்கும் அந்த மழை எங்க கெடைக்கும்னு சொல்லு சிந்து, தீபாவளிக்கு உங்க வீட்டுக்கு வரும்போது தேவைப்படும்'னு. எனக்கு ஒண்ணும் வெளங்கலை. எங்க வீட்டுக் கூரை கான்கிரீட்டு. தகரமெல்லாம் கிடையாது. இதுல இவங்களுக்கு என்ன சிரிப்பு? பொண்ணுக்குப் பைத்தியம்னு சிரிக்கறாங்கன்னுதான் நான் எடுத்துக்கிட்டேன்.

என்ற மானம் போச்சு. சிந்துஜாவைக் கூப்பிட்டு உக்கார வெச்சு எடுத்துச் சொன்னேன். அன்னைக்குக் காலையில ஆரம்பிச்சு, மத்தியானம் சோறு வடிக்கற வரைக்கும் சொன்னேன். வானத்துல சும்மா பேயற மழைக்கு எவளாச்சும் காசு கட்டுவாளா? சிறுவாணித் தண்ணி குடிக்கறோம், இந்த ஊர்ல மழைக்கு என்ன பஞ்சம்? உனக்கு என்ன கொறை இந்த வீட்லன்னு கேட்டேன். திட்டலைங்க. நான் யாரையும் திட்ட மாட்டேன். நான் என்ன அப்பிடிப் பெருசாப் பேசிப்போடறேன்? காலையில எந்திரிச்சா நல்லது கெட்டது நாலு வார்த்தை. வீட்ல மனுசரு இருந்தாப் பேசத்தான் செய்வாங்க. அவ தலையைக் குனிஞ்சுட்டே இருந்தா. நடுவுல ஒருக்கா அவ கை காதுகிட்டப் போச்சு. நான் முறைச்சேன். கீழ எறக்கிட்டா.

எனக்குக் காதுலதான் கோளாறுன்னு தோணுச்சு. காதுக்குள்ள இரைச்சல் இருந்தா அதை அமுக்கறதுக்கு இப்பிடிக் கேப்பாங்களாம், என்ற சிநேகிதி ஒருத்தி சொன்னா. சரின்னு காது மூக்குத் தொண்டை டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனேன். பாருங்க, எந்த மாமியார் கூட்டிட்டுப் போவா? டோக்கன் வாங்கி, வரிசையில உக்காந்து, போற வழியெல்லாம் அவளுக்குத் தைரியம் சொல்லிட்டே போனேன். டாக்டர் காதுக்குள்ள லைட் அடிச்சுப் பாத்தாரு. ஒரு கண்ணாடி ரூம்புல உக்கார வெச்சு என்னமோ சத்தமெல்லாம் குடுத்துப் பாத்தாங்க. பிரமாதமாக் கேக்குதுன்னுட்டாரு. நான் நடந்ததை ஆதியிலருந்து சொல்ல ஆரம்பிச்சேன். கொரியாக்காரன் வரைக்கும் வந்திருப்பேன், 'அம்மா, நீங்க சித்த வெளிய உக்காருங்க'ன்னாரு. அவகிட்டத் தனியாப் பேசினாரு. பொறவு என்னைக் கூப்பிட்டு, 'வீட்ல கொஞ்சம் அமைதி வேணும்மா'ன்னாரு.

'எங்க வீட்லயா? எங்க வீட்ல டிவிகூடக் கிடையாதுங்க டாக்டர், ரிப்பேராயி மூலையில கெடக்குது. எங்க வீட்டுக்காரரு காலையில ஹார்டுவேர் கடைக்குப் போனா ராத்திரிதான் வருவாரு, ஞாயித்துக்கிழமைகூட லீவு விடறதில்லை. என்ற குரலைத் தவிர அந்த வீட்ல ஒரு ஈ எறும்புச் சத்தம் இருக்காது'ன்னேன். அந்த மனுசன் மணியை அடிச்சு அடுத்த ஆளைக் கூப்பிட்டுட்டாரு. படிச்சவங்களுக்கு ஒரு விசயத்தை முழுசாக் கேக்கற பொறுமை இருக்கறதில்லை. வாங்கற பீஸை மட்டும் முழுசா வாங்கிக்கறாங்க.

இந்தக் கூத்தோட முடிஞ்சிருக்கும். என்ற பையன் முடிய விடலை. சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்தான். பொண்டாட்டியைக் காது டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனது தெரிஞ்சுது. நேரா குரூப்புல அவன்ற அட்டையைப் போட்டான். 

அவன்ற அட்டையிலயும் மொத எடம் மழை.

அதே தகரக் கூரை. அதே இடி. 'வாழ்த்துகள், ஆறாவது வருசமா இதுதான் உங்கள் முதலிடம்'னு கம்பெனிக்காரன் பாராட்டி, மேல ஒரு கிரீடம் வேற வரைஞ்சிருக்கான். நங்கையா உடனே, 'நவநீ, நீயுமா சாமி'ன்னு எழுதுச்சு. எங்க வீட்டுக்காரரு அந்தக் குரூப்புல எதுக்கும் வாயைத் தொறக்காதவரு. எழவுச் செய்திக்குக்கூட அவருகிட்டருந்து ஒண்ணும் வராது. அன்னைக்குக் கடையில உக்காந்துட்டே மகன் அட்டைக்கு ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிட்டாரு. வந்து கேட்டா, கை தவறிப் பட்டுருச்சுங்கறாரு.

பொண்டாட்டி பழக்கிவிட்டுட்டாள்னுதான் மொதல்ல நெனச்சேன். வேற யாரு பழக்குவா? ஆனா கணக்கு இடிக்குதுங்க. கண்ணாலமாயி மூணாவது வருசந்தான் நடக்குது. ஆறு வருசத்துக்கு முன்னால சிந்துஜா யாரு, எந்த ஊருன்னே எங்களுக்குத் தெரியாது. அப்ப அவன் வீட்ல என்கூட மட்டுந்தான் இருந்தான். பொறவு எவன் பழக்கிவிட்டிருப்பான்? காலேஜ்ல கூடப் படிச்ச தறுதலைக எதாச்சுமாத்தான் இருக்கும். பெத்தவங்க கண்ணு முன்னாலயே வளந்தாலும் எங்க எதைக் கத்துக்கறாங்கன்னு தெரியறதில்லை.

பொங்கல் முடிஞ்சுது. வந்து நின்னான். 'அம்மா, நாங்க சித்த நாளைக்குத் தனியா இருக்கறோம்'னான். 'எதுக்குடா'ன்னேன். அவன் பதில் சொல்றதுக்கு நான் எடம் விடலைங்கறான். நான் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். அதுக்கு வெளக்கமா ஒரு நாலு விசயம் சொன்னேன், அவங்கப்பனை எப்பிடிக் காப்பாத்துனேன்ங்கறதுல இருந்து. அதுக்குள்ள வண்டிக்காரன் கட்டிலைக் கழட்டிட்டான்.

போகட்டும். போனா என்ன? எனக்கென்ன ஆள் இல்லையா? இந்தா, நீங்க வரப் போறீங்க. உங்க மொகத்தைப் பாத்தாலே தெரியுது, நல்ல குடும்பத்துப் பொண்ணு. நானும் வந்ததுலருந்து பாக்கறேன், போனைக் கையிலகூட எடுக்கலை.

ஆனா ஒண்ணு சொல்றேன் கண்ணு. அவங்க மழை கேட்டதுக்கோ, தனியாப் போனதுக்கோ, ஒறம்பரை சிரிச்சதுக்கோ எனக்குக் கோவம் இல்லை. சிரிக்கறவங்க சிரிச்சுட்டுப் போறாங்க, அவங்க லட்சணம் எனக்குத் தெரியாதா? எனக்குக் கோவம் வேற ஒண்ணுல.

ஆடி மாசம். அன்னைக்கு வெள்ளிக்கெழமை. நானும் சிந்துஜாவும் கீழ உக்காந்து சின்ன வெங்காயம் உரிச்சுட்டு இருந்தோம். சாம்பாருக்கு. நான் எதையோ பேசிட்டு இருந்தேன், ரேசன் கடை, பால்காரன், என்னமோ. பேசிட்டே இருக்கறப்ப அதையும் சொல்லிப்போட்டேன். யாருகிட்டயும் சொல்லலை அதை. எங்க வீட்டுக்காரருகிட்டச் சொல்லலை. என்ற தங்கச்சிகிட்டச் சொல்லலை. குளிக்கறப்ப கையில பட்டுச்சு. மார்ல, இடது பக்கம், இந்தா இந்தக் கை மடக்குக்குக் கிட்ட. வெங்காயத்தையே காட்டிச் சொன்னேன் அவகிட்ட, இத்தனாம் பெருசு இருக்குது கண்ணுன்னு. வலியெல்லாம் இல்லை, ஆனா பயமா இருக்குதுன்னேன். நவநீகிட்டச் சொல்ல வேண்டாம், அவன் ஒடைஞ்சு போயிருவான், நீ என்ன சொல்றேன்னு கேட்டேன்.

'சரிங்கத்தை'ன்னா.

தலையை நிமுத்தலை. உரிச்சுட்டே, 'சரிங்கத்தை'ன்னா. எனக்கு அந்த ஒரு வார்த்தை போதும்னு இருந்துச்சு. வெங்காயந்தானே உரிக்கறோம், கண்ணுல தண்ணி வந்தாலும் யாரும் கேக்க மாட்டாங்க, சித்த அழுதுகிட்டேன். எத்தனை பக்குவமான பொண்ணு பாரு, கத்திக் கூப்பாடு போடாம, சரிங்கத்தைன்னு எடுத்துக்கிட்டா. இனி அவ பாத்துக்குவா, ஒரு நாளைக்குக் கடைக்குப் போறாப்புல என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவான்னு நெனச்சேன். ஆவணி போச்சு. புரட்டாசி போச்சு. அவ எடுக்கலை அந்தப் பேச்சை. நான் மொகத்தை மொகத்தைப் பாப்பேன். கல்லாட்ட இருக்கறாளே, இத்தனை அழுத்தமான்னு நெனப்பேன். அப்பறம் நானே, இல்லை, எனக்குச் சங்கடமா இருக்கும்னுதான் கேக்காம இருக்கறா, அவ கொணம் அப்பிடின்னு சமாதானம் பண்ணிக்குவேன். 

அந்த அட்டையில 'காலை'ன்னு இருந்துச்சுன்னு சொன்னேன் பாருங்க. அந்த டாக்டரு ஆஸ்பத்திரியில, வெளிய பெஞ்சுல உக்கார வெச்சாரே, அப்பத்தான் எனக்கு அது ஒறைச்சுது. காலையில பத்து மணி. அடுப்படி. வெங்காயம். நான் அதைச் சொன்னப்ப அவ காதுல மழை பேஞ்சுட்டு இருந்துருக்குது. அவ கேக்கவே இல்லை. நான் வாழ்க்கையில சொன்னதுலயே ஒரே ஒரு முக்கியமான பேச்சுக்கு, அவ பால்காரனுக்குச் சொல்றதாட்ட சரின்னு சொல்லியிருக்கறா. அந்தச் சரியை வெச்சுக்கிட்டு அஞ்சு மாசம் நான் நிம்மதியாத் தூங்கியிருக்கறேன். கோவம் வருமா வராதா, நீங்களே சொல்லுங்க.

என்னங்க?

என்ன கேட்டீங்க? டாக்டர்கிட்டக் காட்டினீங்களான்னா?

நல்லா இருக்குதே. வீடு பாக்க வந்தவங்க வீட்டைப் பாத்துட்டுப் போங்க. டாக்டர்கிட்டக் காட்டினியா, மருந்து தின்னியான்னு கேக்கறதுக்கு நீங்க யாரு? எங்க வீட்டு விசயத்தை உங்ககிட்ட வந்து நான் ஒப்பிச்சுட்டு இருக்கறேனா என்ன? இந்தக் காலத்துப் புள்ளைகளே இப்பிடித்தான், எடங்குடுத்தா மடியில ஏறி உக்காந்துக்கறது.

எந்திரிக்காதீங்க. உக்காருங்க கண்ணு. போயிறாதீங்க. வாய் இருக்குதே, அது அப்பிடிப் பழகிப் போச்சு. உக்காருங்க.

காட்டலை. ஆடியிலருந்து இன்னைக்கு மாசி வரைக்கும், அந்தக் கேள்வியை என்கிட்டக் கேட்ட மொத ஆளு நீங்கதான்.

பெருசாத்தான் ஆயிருக்குது. ஆமாங். கை தூக்கினா இப்ப இழுக்குது.

சிந்துஜாகிட்டச் சொல்லலையாங்கறீங்க. சொல்லாம இருப்பேனா? போன வாரம் கூப்பிட்டேன். தெனமும் கூப்பிடறதுதான், மணிக்கணக்காப் பேசறதுதான், அன்னைக்கு இதுக்குன்னே கூப்பிட்டேன். எடுத்தா. நான் எப்பவும் போல சாப்புட்டியா, என்ன கொழம்பு, தண்ணி வருதா, கீழ் வீட்டுக்காரங்க எப்பிடின்னு போயிட்டு இருந்தேன். சட்டுன்னு அவ சொன்னா, 'அத்தை, என்னமோ சொல்ல வர்றீங்களாட்ட இருக்குது. காதுல ஒண்ணும் மாட்டலை. கேட்டுட்டுத்தான் இருக்கறேன், சொல்லுங்க'ன்னு. அந்தப் பக்கம் அப்பிடி ஒரு அமைதி. அவ மூச்சு விடறது கேக்குது. எனக்கு, நம்பினா நம்புங்க, நாக்கு எந்திரிக்கலை. இத்தனை வருசம் பேசின வாயி. ஒரு வார்த்தை வரலை. 'மாவு ஆட்டி வெச்சிருக்கறேன், நவநீயை வந்து வாங்கிட்டுப் போகச் சொல்லு'ன்னு வெச்சுட்டேன். அவன் வந்தான். வாசல்லயே நின்னு வாங்கிட்டுப் போயிட்டான்.

அவ கெட்டவ இல்லைங்க. தெரிஞ்சா அழுவா. அதனாலயும் பயமா இருக்குது.

நீங்க ஒண்ணு பண்றீங்களா? இந்தாங்க, என்ற போன். பேரு சிந்துன்னு போட்டிருக்கும், எடுத்ததும் மேலயே வரும். உங்க வீட்டுக்காரரு வர்றதுக்குள்ள ஒரு நிமிசம் பேசிருங்க. வீடு பாக்க வந்தவன்னு சொல்லுங்க, உங்க மாமியாருக்கு இப்பிடின்னு சொல்லுங்க. நீங்களே சொல்லிருங்க கண்ணு. நான் சொன்னா, பேசறேன்னு நெனச்சுக்குவா.